முதலூர்: செம்மணற் காட்டில் எழுந்த சிற்றூர்

மரத்தாற் பெயர் பெற்ற ஊர்களும் குளத்தாற் பெயர் பெற்ற ஊர்களும் தமிழர் வாழும் நாடெங்கும் பல உண்டு. எண்ணினாற் பெயர் பெற்ற ஊர் ஒன்று தென்தமிழகத்திலே, தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்துக்கு அண்மையில் இருக்கிறது. அதன் பெயர் முதலூர். பெயரைக் கேட்பவர் பழைய தலைநகர் ஏதோ என்று எண்ணக்கூடும். கோட்டையும் கொத்தளமும் அங்கே இல்லை. இருந்த இடத்திலிருந்து துரத்தப்பட்ட சில குடும்பங்கள், இனி எவரும் எழும்பிப் போ என்று சொல்ல முடியாத ஒரு துண்டு நிலத்தை வாங்கி, நடுவே ஒரு கோவிலும் சுற்றிலும் குடிசைகளுமாக 1799 ஆம் ஆண்டில் அமைத்துக்கொண்ட ஊர் அது. அவ்வகையில் அதுவே முதலாவது. ஆகவே முதலூர் ஆயிற்று.

இலங்கையர் அங்கே செல்வது ஒரு காலத்தில் எளிதாயிருந்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓடியது. 1914 இல் தலைமன்னார் – தனுஷ்கோடி வழி திறந்தபின் புகைவண்டியும் கப்பலும் மாறி மாறி ஏறி மக்கள் போய் வந்தனர். 1964 டிசம்பரில் அடித்த பெரும் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அவ்வழியின் பழைய சிறப்பும் போயிற்று. இன்று கொழும்பிலிருந்து மதுரைக்கு விமானத்திற் சென்று, திருநெல்வேலி வரை புகைவண்டியிலோ பேருந்திலோ போய், பாளையங்கோட்டையிலிருந்து தென்கிழக்கே திரும்பவேண்டும்.

பாளையங்கோட்டையைச் சூழத் தாமிரபரணியின் தண்ணீர் பாயும் வயல்கள். தெற்கே போகப் போகப் பச்சை குறைந்து மண் சிவக்கத் தொடங்கும். தேரி என்று அவ்வூரார் சொல்லும் செம்மணற் பரப்பு இதுதான். மேற்குக் காற்றுக் காலத்தில் மணல் எழுந்து பறக்கும். ஒரு மேடு தேய, மற்றொரு மேடு வளரும். நெல் விளையாத அந்த மண்ணிலே பனை மட்டும் நெடுக வளர்ந்து நிற்கிறது. யாழ்ப்பாணத்தவர் ஒருவர் அங்கே இறங்கினால், மண்ணின் நிறத்தைத் தவிர வேறெதையும் புதிதாகக் கொள்ளமாட்டார். பேச்சிற் சில சொற்கள் மாறும், அவ்வளவே. நாம் கருப்பநீர் என்பதை அவர்கள் பதநீர் என்பர். நாம் பனங்கட்டி என்பதை அவர்கள் கருப்பட்டி என்பர். உடன்குடிக் கருப்பட்டிக்குத் தமிழகமெங்கும் இருக்கும் மதிப்பு நம்மவர் பனங்கட்டிக் குட்டானுக்கு வைத்திருக்கும் மதிப்பைப் போன்றதே.

சாத்தான்குளம் என்ற பெயரைக் கண்டு மாணவர் எவரும் மருளவேண்டியதில்லை. சாத்தன் என்பது ஐயனாரின் பழம் பெயர். விவிலியத்துச் சாத்தானுக்கும் இவ்வூருக்கும் உறவில்லை. ஆனாலும் சாத்தான்குளத்துக்கு வடக்கே சிறிது தொலைவில் நாசரேத்து என்றோர் ஊர் இருப்பதை வழிகாட்டிப் பலகையிற் சேர்த்து வாசிக்கும்போது நகை வரத்தான் செய்கிறது.

இந்நிலத்திற் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பனையேறும் மக்களின் நிலை இரங்கத்தக்கது. பருவகாலத்தில் நாள்தோறும் 30 மரங்களுக்கு மேல், காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் ஏறி இறங்குவது அவர்கள் தொழில். மரம் பெரும்பாலும் பிறருடையது, நிலமும் பிறருடையது. குடியிருந்த குடிசையின் அடிமண்ணும் நிலக்காரர் தயவிலே கிடந்தது. பெருங்கோவில்களின் வாசல் அவர்களுக்கு அடைத்தே இருந்தது. உடையவர் ஒருவர் முகஞ்சுளித்தால் ஒரு குடும்பம் ஒரே இரவிலே ஊரற்றுப் போகும். முதலூரின் வரலாறு இந்த ஓர் உண்மையில் இருந்தே புறப்படுகிறது என்பது எம் எண்ணம்.

கிறித்தவம் அப்பகுதிக்கு வந்த வழியையும் சற்றுச் சொல்லவேண்டும். கடற்கரைப் பரதவர் பதினாறாம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்கராயினர். அது தனிக் கதை. உள்நாட்டிலே சீர்திருத்தச் சபை வேர்கொண்டது பாளையங்கோட்டையில். குளோரிந்தா என்று பெயர் பெற்ற பிராமண விதவை ஒருவர் 1778 இல் சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் ஞானஸ்நானம் பெற்று, அங்கே ஒரு சிறு சபை கூடக் காரணமாயிருந்தார். அவர் கட்டுவித்த ஆலயம் 1785 இல் முடிந்தது, இன்றும் நிற்கிறது. 1790 டிசம்பரிலே தஞ்சாவூரிற் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் என்னும் தமிழர் அச்சபைக்குப் பொறுப்பாக அனுப்பப்பட்டார்.

இனி வருபவர்தான் நம் கதையின் தலைவர். சாத்தான்குளத்துக்கு அண்மையிலே பனையேறும் குலத்திற் பிறந்த சுந்தரம் என்ற இளைஞர் வீட்டை விட்டுப் புறப்பட்டு அலைந்து தஞ்சாவூர் வரை போய்ச் சேர்ந்தார். அங்கே கிறித்தவராகித் தாவீது சுந்தரானந்தம் என்ற பெயர் பெற்றார். சிறிது காலங் கழித்து, சத்தியநாதனுக்கு உதவியாக, சொந்த நாட்டுக்கே உபதேசியாராய்த் திரும்பி வந்தார். இறந்தான் என்று சுற்றத்தார் கைவிட்ட பிள்ளை படித்தவனாய், வெள்ளை உடுத்தவனாய் வந்து நின்றால் ஊர் திரண்டு வந்து பாராதா? 1797 ஆம் ஆண்டளவிலே சாத்தான்குளத்தைச் சூழ்ந்த ஊர்களிற் சில குடும்பங்கள் அவர் சொற்கேட்டு ஞானஸ்நானம் பெற்றன.

உடனே தொல்லையும் தொடங்கிற்று. புதிதாய் வேய்ந்த ஓலைச் செபக்கூடம் அழிக்கப்பட்டது, மக்கள் அடிக்கப்பட்டனர், குடியிருந்த இடத்தை விட்டு வெளியேற்றப்பட்டனர். மதத்தின் பொருட்டு எழுந்த பகை என்று மட்டும் இதனைச் சொல்லிவிடலாகாது. குனிந்து நின்றவன் நிமிர்ந்து நிற்கத் தலைப்பட்டால் நிலக்காரனுக்கு எழும் சினமும் அதிற் கலந்திருந்தது. தாவீது சுந்தரானந்தமும் ஒரு கன்னத்தில் அடித்தால் மறு கன்னத்தைக் காட்டும் சாதுவாக இருந்தவரல்லர். தடிக்கம்பு ஏந்திய வாலிபர் கூட்டம் ஒன்றைத் திரட்டித் தம் மக்களைக் காத்தார் என்றும், அதனாலே குருமாரின் கண்டனத்துக்கும் ஆளானார் என்றும் சபை வரலாறுகள் சொல்லுகின்றன.

ஆயினும் தடிக்கம்பு நிலையான காவலாகாது என்பதை அவரே விரைவிற் கண்டிருக்கவேண்டும். அடிக்கு அஞ்சாதவனும் குடியிருக்க இடமில்லாமல் என் செய்வான்? நிலம் வாங்கவேண்டும். வாங்கக் கையிற் பொருளில்லை. அக்காலத்தில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்திருந்த தூத்துக்குடியிலே எவரெட் என்னும் ஆங்கிலக் கப்டன் ஒருவர் இருந்தார். அவர் பொருள் உதவினார். அப்பணத்தைக் கொண்டு தேரி நிலத்தில் ஒரு துண்டு வாங்கப்பட்டது. 1799 இல், 28 பேர் அங்கே குடியேறினர். பனையோலையால் ஒரு கோவில், அதனைச் சுற்றிக் குடிசைகள். அவ்வளவே முதலூர்.

அந்த ஆண்டை மாணவர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். கம்பெனியாருக்கும் பாளையக்காரருக்கும் போர் மூண்ட ஆண்டு அது. அதே 1799 இல், ஒக்டோபர் 16 ஆம் நாள், கயத்தாற்றிலே வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். நாட்டின் ஒரு பக்கத்தில் ஒரு கோட்டை தரைமட்டமாக, மற்றொரு பக்கத்தில் ஓர் ஓலைக்கோவில் எழுந்தது. எவரெட் கப்டனின் பணத்தைச் சுட்டி, முதலூர் ஆங்கில ஆட்சியின் குழந்தை என்பாரும் உளர். ஒரு மனிதர் தந்த பொருள் ஓர் அரசின் ஆதரவாகிவிடாது. அக்காலக் கம்பெனி மதம் பரப்புவதை விரும்பியதுமில்லை. ஊர் எழுந்த பின்னரும் அடியும் கொள்ளையும் நின்றபாடில்லை. துப்பாக்கி ஏந்திய காவலன் எவனும் தேரிக்கு வரவில்லை.

ஊர் மட்டும் வளர்ந்தது. 1802, 1803 ஆகிய ஆண்டுகளிலே கெரிக்கே பாதிரியாரும் சத்தியநாதனும் இப்பகுதியிற் சுற்றியபோது சில மாதங்களுக்குள் 5,000 பேருக்கு மேல் திருமறை ஏற்றனர். நாசரேத்து முதலிய புதிய குடியிருப்புகள் தோன்றின. தாவீது சுந்தரானந்தம் இந்த வளர்ச்சியை நெடுநாள் காணவில்லை. 1806 இல், இளவயதிலேயே இறந்தார். நஞ்சூட்டிக் கொன்றனர் என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

அடுத்து வந்த பத்தாண்டுகள்தாம், எம் கருத்தில், முதலூரின் மிகப் பெரிய காலம். பஞ்சமும் கொள்ளைக் காய்ச்சலும் வந்தன. ஐரோப்பியக் குருமார் நிலையாய்த் தங்கவில்லை. கெரிக்கே 1803 இலேயே காலமாகியிருந்தார். புதிதாய்ச் சேர்ந்தோரிற் பலர் பழைய வழிக்கே திரும்பினர். 1816 இல் பாளையங்கோட்டைக்குப் படைக் குருவாய் வந்த ஜேம்ஸ் ஹஃப் என்பவர், இங்கே சபை ஏதும் எஞ்சியிருக்கும் என்று பெரிதும் எதிர்பாராமல் விசாரித்தார். முதலூரும் நாசரேத்தும் முற்றிலும் கிறித்தவ ஊர்களாகவே நிலைத்து நிற்பதைக் கண்டு வியந்து எழுதினார். அவற்றை நிலைநிறுத்தியவர்கள் பெயரறியா நாட்டு உபதேசிமாரும், மரம் ஏறிக் களைத்தும் மாலையிற் கூடிச் செபித்த குடும்பத்தாருமே. சொந்த நிலத்தில் அமைந்த ஊராயிற்றே. விட்டுப் போகச் சொல்ல எவருமில்லை!

முதலூரைப் பார்த்து மற்றவை எழுந்தன. நெடுவிளை என்ற மணற்காட்டிலே ஜோன் தோமஸ் என்னும் வேல்ஸ் நாட்டவர் கிணறு தோண்டி மரம் வைத்து மெய்ஞ்ஞானபுரத்தை உண்டாக்கினார். அங்குள்ள கோபுரம் நெடுந்தொலைவிலே தெரியும். இடையன்குடிக்கு 1841 இல் வந்து சேர்ந்த கால்டுவெல் ஐயரை நம் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யவேண்டுவதில்லை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856 இல் வெளியிட்ட அப்பெரியார், நேர் தெருக்களும் கிணறுகளுமாய் அவ்வூரைத் திருத்தியமைத்தார். அங்கே தொடங்கிய ஆலயத்தைக் கட்டி முடிக்க 33 ஆண்டுகள் சென்றன. 1880 இலே அது பிரதிட்டையாயிற்று. அவர் உடல் அந்த ஆலயத்திலேயே அடங்கியிருக்கிறது. முதலூரின் தொடக்க வரலாற்றை இன்று நாம் அறிவதும் 1881 இல் அவர் வெளியிட்ட திருநெல்வேலி மிஷன் வரலாற்றுக் குறிப்புகளின் துணையாலேதான்.

அவருக்கும் தவறு நேர்ந்தது. 1849 இல் இம்மக்களைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல், அவர்களை அறிவிற் குறைந்தோராகக் காட்டியது. யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து பனங்கொட்டையுடன் வந்து குடியேறியவர் என்ற வழக்கையும் அந்நூல் எடுத்தாண்டது. அதனை இன்றளவும் எவரும் சான்று காட்டி நிறுவியதில்லை. மிஷன் பள்ளியிற் படித்த பிள்ளைகளே அந்நூலுக்கு எதிராக எழுந்தனர் என்பதுதான் சுவையான செய்தி. அவர்களுள் ஒருவரான சட்டாம்பிள்ளை 1857 இல் நாசரேத்துப் பக்கத்திலே வெள்ளைக் குருமாரின் தலைமையை ஏற்காத தனிச் சபை ஒன்றையே நிறுவிவிட்டார். எழுத்தறிவித்தவனையே எழுத்தால் எதிர்க்கும் அளவுக்கு அரை நூற்றாண்டிற்குள் ஒரு சமூகம் வளர்ந்துவிட்டது.

ஆயினும் சாதி இவ்வூர்களில் ஒழிந்தது என்று சொல்ல முடியவில்லை. ஒரே குலத்தார் சேர்ந்து குடியேறியதால் ஒற்றுமை வலுத்தது. அதே காரணத்தால் குலவேலியும் கோவிலுக்குள் வந்து நின்றது. இதனை மறைத்து எழுதும் நூல்களும் உண்டு. எமக்கு அது சரியாகப் படவில்லை.

நம் நாட்டுக்கும் இம்மண்ணுக்கும் உள்ள தொடர்பு சிறிதன்று. கண்டிச் சீமையிற் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது திருநெல்வேலிச் சீமையினின்றும் மக்கள் வந்தனர். அவர்களிடையே பணிசெய்ய 1854 இல் தொடங்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷனுக்கு முதலிற் கிடைத்த உபதேசிமார் திருநெல்வேலிச் சபைகளிலிருந்தே வந்தனர். மலைநாட்டு ஆலயங்கள் சிலவற்றிற் கேட்கும் பழைய கீர்த்தனைகளும் வழிபாட்டுச் சொற்களும் அவ்வழி வந்தவையே.

இன்றைய முதலூர் பேருந்து வந்து போகும் சிற்றூர். ஓலைக்கோவில் இருந்த ஊரிலே அதிதூதர் மிகாவேலின் பெயர் தாங்கிய பேராலயம் பனைகளுக்கு மேலாக ஓங்கி நிற்கிறது. சபை 1947 இலே தென்னிந்தியத் திருச்சபையிற் சேர்ந்தது. 2003 முதல் தூத்துக்குடி – நாசரேத்துத் திருமண்டலத்துக்கு உட்பட்டது. ஊரிற் பிறந்தவர் பலர் சென்னையிலும் பம்பாயிலும் கடல் கடந்தும் தொழில் செய்கின்றனர். திருவிழாவுக்கு அவர்கள் திரும்பி வரும்போது ஊர் நிறைந்துவிடும். இப்பகுதிச் சபைகளில் அந்நாள்களில் நடப்பது அசனம். ஆசனம் என்று வாசிக்கவேண்டாம். அசனம் என்றால் உணவு. பெரிய அண்டாக்களிலே சோறும் இறைச்சிக் கறியும் ஆக்கி, ஊராரும் வந்தாரும் வரிசையாய் அமர்ந்து உண்பர். தனியே ஒதுக்கி வைக்கப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் போடும் பந்தி என்று நினைத்துப் பார்த்தாற் சோற்றின் சுவையே வேறு.

இனிப்புப் பிரியருக்கும் ஒரு செய்தி உண்டு. முதலூரின் பெயரைத் தமிழகத்தில் இன்று பரப்புவது அதன் வரலாறன்று, மஸ்கோத்து அல்வா. கோதுமை மாவைப் பிசைந்து கழுவிப் பாலெடுத்து, தேங்காய்ப் பாலும் சீனியும் சேர்த்து, தேங்காயெண்ணெய் தானே பிரிந்து வரும் வரை மணிக்கணக்காகக் கிண்டி, முந்திரிப்பருப்பு இட்டு இறக்குகிறார்கள். நெய் விடுவதில்லை. வாயில் வைத்ததுமே நம்மவர் எவரும் கண்டுகொள்வர்: நம் வீடுகளிற் பண்டிகைக்கு வாங்கும் மஸ்கட் அல்லவா இது! அரபு நாட்டு மஸ்கட் துறைமுகத்தின் பெயரைத் தாங்கி வணிகரோடு இலங்கைக்கு வந்த பண்டம். இவ்வூரார் ஒருவர் இலங்கையிலே அதன் பக்குவத்தைக் கற்றுக்கொண்டு போய் முதலூரிற் கடை வைத்தார் என்று அங்கே சொல்லுகின்றனர். பல நாள் கெடாது, பயணத்துக்கு உகந்தது. முதலூருக்குள் போக நேரமில்லாதவர்களுக்குச் சாத்தான்குளத்துக் கடைகளிலும் கிடைக்கும்.