இல்லாத டேப்பைத் தேடும் கை

போன மாதம் வால்பாறையிலிருந்து தனியாக இறங்கி வந்துகொண்டிருந்தேன். ஆழியாறு தாண்டி, சமதளம் வந்து கொஞ்ச தூரம்தான் ஆகியிருக்கும். வண்டி ஒரு தடவை இருமியது. இரண்டாவது இருமலுக்குள் என் இடது கை ஹேண்டில்பாரை விட்டு, டேங்குக்குக் கீழே போய்த் துழாவ ஆரம்பித்துவிட்டது. வழவழவென்று பிளாஸ்டிக் மூடிதான் கைக்குத் தட்டுப்பட்டது. மூன்றாவது இருமலோடு வண்டி நின்றது.

கை தேடியது பெட்ரோல் டேப்பை. இந்த வண்டியில் அது கிடையாது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகு அநேகமாக எல்லா பைக்கிலும் கார்புரேட்டர் போய் எஃப்.ஐ. என்கிற ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. டேங்குக்குள்ளேயே ஒரு பம்ப் உட்கார்ந்து பெட்ரோலைத் தள்ளுகிறது. சோக் இல்லை, டேப் இல்லை, ரிசர்வ் இல்லை. தீரப்போகிறது என்றால் மீட்டரில் ஒரு சின்னப் படம் மினுக்கும், அவ்வளவுதான். அது எத்தனை நேரமாக மினுக்கிக்கொண்டிருந்ததோ தெரியாது. காதால் வண்டி ஓட்டிப் பழகியவன் நான், மீட்டர் பக்கம் கண் போவதில்லை.

ஒரு புளியமரத்தடிக்கு வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த வண்டியை வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. ஆனாலும் கை இன்னும் பழைய வாத்தியாரிடமே பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

வாத்தியார் என்றால் பெஞ்சு மாமா. பொள்ளாச்சியில் எங்கள் தெரு முனை சைக்கிள் கடையில் ஒரு பெஞ்சு கிடந்தது. காலையில் டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாரென்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். கடை அவருடையதல்ல, கடைக்காரருக்கு அவர் சொந்தமும் அல்ல. பஞ்சருக்கு வரும் சைக்கிள், வழியில் நின்ற மொபெட், தாகத்துக்கு நின்ற புல்லட் எதுவானாலும் முதல் யோசனை பெஞ்சிலிருந்துதான் வரும்.

"ரிசர்வுன்னு தனியா டேங்க் ஒண்ணும் இல்ல கண்ணு" என்று அவர் சொன்ன நாள் எனக்கு நினைவிருக்கிறது. அதுவரை டேங்குக்குள் இரண்டு அறை இருப்பதாகத்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். டீ டம்ளரில் இரண்டு விரலை விட்டுக் காட்டினார். ஒரு விரல் பாதி வரைக்கும், இன்னொன்று அடி வரைக்கும். டேப்பிலிருந்து டேங்குக்குள் ஏறும் குழாயில் உயரத்தில் ஒரு வாய், அடியில் ஒரு வாய். மேல் வாய்க்குப் பெட்ரோல் எட்டாதபோது வண்டி இருமும். திருப்பினால் கீழ் வாய் குடிக்க ஆரம்பிக்கும். "ரிசர்வ் விழுந்தா வண்டிய நிறுத்தாதே, ஓட ஓடத் திருப்பு. அப்பறம் பெட்ரோல் அடிச்ச கையோட டேப்பைத் திருப்பி வெச்சிரு. மறந்தீன்னா அடுத்த தடவை இருமும்போது நீ திருப்பப் போவே, அது ஏற்கெனவே அங்கதான் இருக்கும்." சொல்லி முடித்ததும் விரல் நனைந்த அந்த டீயையே குடித்தார்.

அப்போது எனக்கு ஓட்டுவதற்கு இருந்தது கடையின் வாடகை சைக்கிள்தான். பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டு, முழங்காலில் செயின் ஆயிலோடு வீட்டுக்குப் போய் அடி வாங்கிய காலம். பஞ்சர் ஒட்டுவதைப் பார்க்கவே ஒரு கூட்டம் குந்தியிருக்கும். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிச் சுற்றிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் குமிழி மேலே வரும். அங்கே பென்சிலால் ஒரு வட்டம், உப்புக்காகிதத் தேய்ப்பு, சொல்யூஷன். சொல்யூஷனைத் தடவியதும் ஒட்டிவிடக்கூடாது, ஈரம் போய்ப் பிசுபிசுப்பு மட்டும் நிற்க வேண்டும். காயட்டும், காயட்டும் என்று பெஞ்சிலிருந்து குரல் வரும். அதன் பிறகுதான் அவருடைய முக்கியமான யோசனை. "டயருக்குள்ள விரலை விட்டு ஒரு சுத்து சுத்திப் பாரு." முள் டியூபைக் குத்திவிட்டு டயரிலேயே உட்கார்ந்திருக்கும். அதை எடுக்காமல் டியூபை மாட்டிவிட்டால் இரண்டு தெரு தாண்டுவதற்குள் மறுபடி காற்று இறங்கும். எங்கள் பக்கத்து வேலாமுள்ளுக்கு அந்தப் பொறுமை உண்டு.

காற்று சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது கட்டைவிரலின் வேலை. அழுத்தினால் இளநீர்த் தேங்காயின் கண் மாதிரி இருக்கக்கூடாது, முற்றின தேங்காயின் கண் மாதிரி இருக்க வேண்டும். பொள்ளாச்சிக்காரனுக்கு வேறு எதை வைத்து அளவு சொல்ல? வால்டியூப் கசிகிறதா என்றால் நாக்கில் விரலைத் தொட்டு வால்வு முனையில் எச்சிலை வைப்பார்கள். முட்டை விட்டால் மாற்ற வேண்டும். மானி, கருவி என்று கடையில் எதுவும் கிடையாது. எல்லா அளவும் உடம்பில்தான் இருந்தது.

1980இல் வந்த டிவிஎஸ் 50, சில வருஷங்களில் எங்கள் தெருவிலும் நாலைந்து சேர்ந்தது. பெஞ்சின் பேச்சும் சைக்கிளிலிருந்து மொபெட்டுக்கு நகர்ந்தது. டூ-ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். கூடினால் பிளக்கில் கரி, குறைந்தால் பிஸ்டன் ஜாம். கூட்டலாமா குறைக்கலாமா என்பதில் பெஞ்சுக்கும் கடைக்காரருக்கும் தினம் ஒரு பட்டிமன்றம். ஸ்கூட்டர்காரர்கள் டிக்கியில் ஒரு ஸ்பேர் பிளக்கும் ஒரு துண்டு உப்புக்காகிதமும் இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டமாட்டார்கள். பெட்ரோல் அறவே தீர்ந்து போனால் ஸ்கூட்டரைப் படுக்கச் சாய்த்து, ஒரு ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த சொட்டுகளைக் கார்புரேட்டர் பக்கம் வரவழைத்து, பங்க் வரைக்கும் ஓட்டிவிடுவார்கள். தெருவோரத்தில் ஒரு ஆள் தன் வண்டியை மடியில் கிடத்துவதுபோல் சாய்த்துப் பிடித்து நிற்பது அன்றைக்கு யாரும் திரும்பிப் பார்க்காத காட்சி.

வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. நான் முதல் தடவை அங்கே மொபெட்டில் போகிறேன் என்றதும் பெஞ்சு மாமா எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்று யோசனை சொல்லிப் பார்த்தது அன்றைக்குத்தான். "ஏர்றதைப் பத்தி ஒண்ணும் சொல்லமாட்டேன், வண்டியே சொல்லிக்கும். எறங்கும்போதுதான் சாமி சூதானம் வேணும். பெட்ரோல் மிச்சமாகும்னு எஞ்சினை அணைச்சிட்டு எறங்காதே. ஏறி வர்ற வண்டிக்கு வழி விடு. ஆக்சிலேட்டரை ஒரேயடியா மூடிட்டும் வராதே, நடுவுல நடுவுல ஒரு முறுக்கு முறுக்கு." கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் கேட்டேன். டூ-ஸ்ட்ரோக்கில் எஞ்சினுக்கு ஆயில் போவதே பெட்ரோலோடு கலந்துதான். ஆக்சிலேட்டரை மூடினால் பெட்ரோல் குறையும், அதோடு ஆயிலும் குறையும். சக்கரமோ இறக்கத்தின் வேகத்தில் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். காய்ந்த சிலிண்டருக்குள் பிஸ்டன் ஓடினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாமல், இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்தித் தேய்த்துக் காட்டினார்.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே நின்றால் கீழே ஆழியாறு அணை தெரியும். இன்றைக்கும் அதைத் தாண்டி இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கும் என் வலது கை ஒரு முறுக்கு முறுக்குகிறது. ஓட்டுவது ஃபோர்-ஸ்ட்ரோக். ஆயில் கீழே தனியாகத் தேங்கி, தனி பம்பால் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்த முறுக்கு அதற்கு எதற்கு? பின்னால் வருகிறவன் நான் ஏதோ குஷியில் வருகிறேன் என்று நினைத்துக்கொள்வான்.

இத்தனையும் சொன்ன பெஞ்சு மாமாவிடம் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. எங்கே போனாலும் டவுன் பஸ். ஏன் மாமா ஒண்ணு வாங்கலை என்று கேட்டதற்கு, "சொந்தமா ஒண்ணு வாங்கிட்டா அந்த ஒண்ணைப் பத்தித்தானே பேச முடியும்" என்றார். சிரித்தோம். காசு இல்லை என்பதை ஒரு மனிதர் அப்படியும் சொல்லலாம் என்று புரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது.

ஜி.டி.நாயுடு கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். கலங்கல் கிராமத்துப் பையன், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்துச் சொக்கிப்போகிறான். கோயமுத்தூருக்குப் போய் ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதே அதிகாரியிடம் அந்த வண்டியையே வாங்குகிறான். வாங்கி ஓட்டினானா? பிரித்துப் போட்டு மறுபடி மாட்டினான். பிறகு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் ஒரே ஒரு பஸ் விட்டு, அதைப் பெரிய போக்குவரத்துக் கம்பெனியாக வளர்த்தார். பெஞ்சு மாமாவுக்குப் பஸ், கம்பெனி எல்லாம் பொருட்டில்லை. ஓட்டலில் இலை எடுத்த கை ஒரு எஞ்சினைப் பிரித்து மாட்டியது என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் குரல் கம்மும்.

புல்லட்காரர்கள் வந்தால் மட்டும் அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வார். பழைய புல்லட் எல்லாவற்றிலும் தலைகீழ். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கிக்கரை எடுத்தவுடன் மிதித்தால் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பெயர்த்துவிடும். மெல்ல அழுத்திக்கொண்டே ஹெட்லைட் தலையிலுள்ள ஆம்பியர் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும், டிகம்ப்ரசரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டும், பிறகுதான் முழு மிதி. புல்லட்டிலேயே பழகிய என் சித்தப்பா ஒரு நாள் அடுத்தவர் வண்டியை வாங்கிக்கொண்டு போய், சந்தைக்கூட்டத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்து, ஒரு தக்காளிக் கூடைக்குள் போய் நின்றார். தக்காளிக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தார். "கால் மேல தப்பில்ல, கால் ஞாபகமாத்தான் இருந்திருக்குது" என்று பெஞ்சு தீர்ப்பு சொன்னது.

பெஞ்சில்தான் யோசனை கிடைக்கும் என்பதில்லை. நம் ரோடே ஒரு நீண்ட பெஞ்சுதான். "அண்ணே, ஸ்டாண்டு!" என்று கத்திவிட்டுப் போகிறவனுக்கு நம் பேர் தெரியாது, நமக்கு அவன் முகம் தெரியாது. "அக்கா, துப்பட்டா!" என்று பின்னாலிருந்து குரல் வந்தால் எந்தப் பெண்ணும் கோபப்படுவதில்லை, சட்டென்று இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பு இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. அந்தத் தடுப்பைத் தாண்டியும் துணி போய்விடும் என்று ரோட்டுக்குத் தெரியும்.

பகலில் லைட் எரிந்தால் எதிரே வருகிறவர் விரல்களைக் குவித்துக் குவித்து விரிப்பார். 2017 ஏப்ரலிலிருந்து புது இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் லைட் எரிய வேண்டும் என்று ஆகிவிட்டது. அணைக்கும் சுவிட்சே இல்லை. ஆனாலும் ஆனைமலைப் பக்கம் போனால் இன்றைக்கும் யாராவது ஒரு பெரியவர் எதிரே வந்து விரல்களை விரிக்கிறார். நானும் தலையை ஆட்டிவிட்டுப் போகிறேன். இது இப்படித்தாங்க எரியும் என்று எத்தனை பேரை நிறுத்திச் சொல்வது? தவிரவும், பேட்டரி தீர்ந்துவிடுமே என்று எனக்காக ஒரு நொடி கவலைப்பட்டவருக்கு ஒரு தலையாட்டல்கூடவா இல்லை.

தங்கை மகன் கியர் சைக்கிள் வைத்திருக்கிறான். விடியுமுன் கிளம்பி உடுமலை போய்த் திரும்புகிற கூட்டத்தில் ஒருத்தன். ஒரு நாள் அவன் டயரைக் கட்டைவிரலால் அழுத்தி, "கல்லு மாதிரி இருக்குது மாப்ளே, போதும்" என்றேன். அவன் கைப்பம்பை மாட்டி முள்ளைக் காட்டினான். வேண்டியதில் முக்கால்வாசிதான் இருந்தது. ஒல்லி டயர் குறைந்த காற்றிலேயே விரலுக்குக் கல்லாகிவிடும், அதற்கு மேல் என் விரலுக்குப் பேதம் தெரியாது. தேங்காய்க் கண் கணக்கு அந்தக் கனத்த கறுப்பு சைக்கிளோடு முடிந்துபோனது. "மாமா, இன்னொண்ணு. எஃப்.ஐ. வண்டியில டேங்கைக் காலி ஆகவிடாதீங்க. பம்ப் பெட்ரோல்லதான் சூடு தணியுது, வறண்டா போயிரும்" என்றான். அவன் மாமா என்றபோது நான் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த யோசனையைத்தான் புளியமரத்தடியில் நினைத்துக்கொண்டு நின்றேன். டிவிஎஸ் எக்ஸ்.எல்.லில் இரண்டு பக்கமும் தேங்காய் தொங்க ஒருவர் வந்து நிறுத்தினார்.

"என்னாச்சுங்ணா?"

"பெட்ரோல் தீந்துருச்சுங்க."

"சாய்ச்சுப் பாத்தீங்களா?"

இது எஃப்.ஐ. வண்டி, பழைய ஸ்கூட்டர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஸ்டாண்டு போட்டு இறங்கி வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துவிட்டார். ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துச் சாய்த்தோம். உள்ளே எங்கோ களக் என்று ஒரு சத்தம். சேணம் மாதிரி ஃபிரேமின் மேல் கவிழ்ந்திருக்கும் டேங்கில் பம்ப் ஒரு பக்கம், மிச்சப் பெட்ரோல் மறுபக்கம் என்று இருந்திருக்க வேண்டும். நிமிர்த்திச் சாவியைப் போட்டேன். பம்ப் மெல்ல ரீங்கரித்தது. பட்டனை அழுத்தினேன், பிடித்துக்கொண்டது.

"வேகம் வேண்டாங்ணா, மெல்லப் போங்க" என்றவர் எனக்குப் பின்னாலேயே தேங்காயோடு வந்தார். பங்குக்குள் நான் திரும்பியதும் ஹாரனை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

டேங்கை நிரப்பி மூடியைப் பூட்டினேன். பணம் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். இடது கை மறுபடி டேங்குக்குக் கீழே போயிருந்தது, திருப்பி வைக்க.