டிடிஎஸ் மீட்டர் சொல்லாத கணக்கு

மெட்ரோ நிலையத்தின் பலகையில் சுங்கச்சாவடி என்று இருக்கிறது. படியிறங்கி வந்தால் ஷேர் ஆட்டோக்காரர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லாருக்கும் இது டோல்கேட்தான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையைத் தாண்டிக் கடல் பக்கமாக நடந்தேன். எண்ணூர் விரைவுச்சாலையில் டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன.

சரக்கை இறக்கிவிட்டு வந்த ஒரு கன்டெய்னரின் கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரோரம் வெள்ளைப் பைகள் தொங்கின. "தொட்டுப் பாருங்க சார், தண்ணி கோத்திருக்கும்" என்றார் டிரைவர். பையின் அடியில் நீர் தளும்பியது. கிழிந்த அட்டைப்பெட்டிக்குள் கைவிட்டு ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். புதுச் செருப்போடு வருமே, அதே சிலிக்கா ஜெல். மணிகள் காய்ந்தே இருந்தன. "இது வேலை செய்யல போலிருக்கு."

அதுவும் வேலை செய்துதான் இருக்கிறது. இரண்டும் கடல்காற்றின் ஈரத்தைப் பிடிப்பவை. பிடிக்கும் விதம்தான் வேறு. தொங்கும் பைகளில் பெரும்பாலும் கால்சியம் குளோரைடு இருக்கும். அது ஈரத்தைத் தன் உடம்புக்குள் இழுத்து, அந்த நீரிலேயே கரைந்துவிடும். இது உறிஞ்சுதல். சிலிக்கா ஜெல்லில் நீர் மூலக்கூறுகள் நுண்துளைகளின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. இதைப் பாடநூல் பரப்புக் கவர்தல் என்கிறது. நிறைய நீரைப் பிடித்து வைத்திருந்தாலும் மணி கைக்கு உலர்ந்தே இருக்கும். அடுப்பில் 120 டிகிரி வரை சூடாக்கினால் நீர் கழன்றுபோகும், மணி மறுபடி உதவும்.

ஏன் ஒட்டுகிறது? திடப்பொருளின் உள்ளே இருக்கும் அணுவை நாலாபுறமும் அண்டை அணுக்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. மேற்பரப்பில் இருக்கும் அணுவுக்கு ஒரு பக்கம் ஆள் இல்லை. அந்த மிச்ச இழுவிசை, பக்கத்தில் வருவதைப் பற்றிக்கொள்கிறது. பற்றும்போது வெப்பம் வெளியாகும்; ஆகவே சூடு கூடினால் பிடி தளரும். 1918இல் இர்விங் லாங்மியூர் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். அவர் கணக்கைப் புரிந்துகொள்ள இந்தச் சாலையோரமே போதும். நிறுத்த இத்தனை இடம்தான் என்றால் இத்தனை வண்டிதான். எல்லா இடமும் நிரம்பிய பிறகு, ஒன்று கிளம்பினால்தான் இன்னொன்று நுழைய முடியும்.

பிடி இறுகினால் கதையே வேறு. மேற்கே மணலி உரத் தொழிற்சாலையில் அம்மோனியா உருவாவது இரும்பு வினையூக்கியின் மேற்பரப்பில். நைட்ரஜன் அங்கே வேதிப்பிணைப்போடு ஒட்டி, அணு அணுவாகப் பிரிந்து, ஹைட்ரஜனோடு சேர்கிறது. அந்தப் படிகளைத் துலக்கிக் காட்டிய கெர்ஹார்ட் எர்ட்டலுக்கு 2007இல் நோபல் பரிசு கிடைத்தது.

நான் பார்க்க வந்தது, இதே பரப்புக் கவர்தலால் தண்ணீரைச் சுத்தம் செய்யும் கரியை. திரும்பி வந்து, சந்துக்குள் இருக்கும் ஒரு கேன் தண்ணீர்க் கடைக்குப் போனேன். கழற்றிப் போட்ட கார்பன் ஃபில்டரைக் கடைக்காரர் எனக்காக அறுத்துக் காட்டினார். உள்ளே கரகரவென்று கறுப்புக் குருணை. கொட்டாங்குச்சியைக் கரியாக்கி, அதன்மேல் 900 டிகிரி அளவுக்குக் காய்ந்த நீராவியைச் செலுத்தினால் கரிக்குள் எண்ணற்ற துளைகள் திறக்கும். நம் காங்கேயம் பக்கத்துக் கொட்டாங்குச்சிக்கு இதற்காகவே கிராக்கி. இப்படிச் செய்த கரியில் ஒரு கிராமின் உட்பரப்பு சுமார் 1,000 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் ஏறக்குறைய நாலரை கிரவுண்டு! முதல் உலகப்போரில் நச்சுவாயு முகமூடிகளுக்குள் அடைத்ததும் கொட்டாங்குச்சிக் கரிதான்.

கடைக்காரர் டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் விட்டார். "நாப்பத்தஞ்சு. சூப்பர் தண்ணி சார்."

"கரி மாத்தி எவ்வளவு நாளாச்சுண்ணே?"

யோசித்தார். "ஒரு வருஷம் இருக்கும். கூடவே இருக்கும்."

இங்கேதான் எனக்குக் கவலை பிடித்தது. டிடிஎஸ் மீட்டர் அளப்பது நீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை. அது உப்பின் கணக்கு, உப்பைத் தடுப்பது மெம்பரேன் என்னும் சவ்வு. கரியின் வேலை குளோரினை நீக்குவதும், வாடையையும் பென்சீன் போன்ற எண்ணெய்வகைச் சேர்மங்களையும் பிடித்து வைப்பதும். பென்சீன் போன்றவை மின்சாரத்தைக் கடத்துவதில்லை, மீட்டருக்குத் தெரியாது. குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதைப்போல நூறு மடங்கு இருந்தாலும் மூக்குக்குப் பிடிபடாமல் போகலாம். 2013இல் பக்கத்துத் தண்டையார்பேட்டையில் குழாய்க் கசிவால் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்ததைப் பார்த்த வட்டாரம் இது. இங்கே கரியை அலட்சியம் செய்ய முடியாது.

கரி நிரம்பினால் கன்டெய்னர்ப் பையைப் போலத் தளும்பிக் காட்டாது. சில சிலிக்கா மணிகள் ஈரம் ஏறினால் நிறம் மாறும். கரிக்கு அதுவும் இல்லை. நிரம்பிய கரியின் வழியே அழுக்கு நேராகக் கடந்து போகும். இன்னும் இறுக்கமாக ஒட்டக்கூடிய ஒன்று வந்தால், முன்பு பிடித்து வைத்ததையே தண்ணீரில் விட்டுவிடவும் செய்யும்.

பிடித்ததை இந்தக் கரி அழிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆலைகளில் பழைய கரியைப் பெரும் சூட்டில் வாட்டி மீட்டெடுக்கிறார்கள். நம் வீட்டு ஃபில்டர் குப்பை வண்டியில் ஏறிக் கொடுங்கையூர் போகிறது.

கடைக்காரரிடம் ஒரு மார்க்கர் இருந்தது. புதிதாக மாட்டிய ஃபில்டர் மேல் அன்றைய தேதியை எழுதச் சொன்னேன்; எழுதினார். உங்கள் வீட்டிலும் கரி மாற்றும் அன்றே அதன்மேல் தேதியை எழுதுங்கள். கேன் வாங்கும் கடையில் டிடிஎஸ் எவ்வளவு என்று கேட்கும்போது, கரி மாற்றிய தேதியையும் சேர்த்துக் கேளுங்கள்.