கணக்கு நோட்டில் என் கூலி

வேலையை இழந்த ஆணிடம் ஊர் ஒரு கேள்வி கேட்கும்: "அடுத்து எங்க சேரப் போற?" வேலையை இழந்த பெண்ணிடம் ஊர் யோசனை சொல்லும்: "வீட்ல சும்மாதானே இருக்க, ஏதாச்சும் கைத்தொழில் பண்ணலாமே?" 2020 ஜூன் மாதத்துக்குப் பிறகு இந்த யோசனையைப் பலரும் எனக்குச் சொன்னார்கள். எல்லோரும் என்மேல் அக்கறை உள்ளவர்கள்தான். அந்த 'சும்மா'வை மட்டும் என்னால் கடந்துபோக முடியவில்லை. அந்தச் சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பதினோரு ஆண்டுகள் ஒரு சுயநிதிக் கல்லூரியில் தமிழ் கற்பித்தேன். முனைவர் பட்டம் பெற்ற பிறகும் சம்பளம் 14,000 ரூபாய். பொதுமுடக்கம் வந்தபின் அது பாதியானது; மே மாதம் பாதியும் வரவில்லை. ஜூனில் அலுவலகத்திலிருந்து ஒரு தொலைபேசி. "அட்மிஷன் எப்படி வருதுன்னு பார்த்துட்டுக் கூப்பிடுறோம் மேடம்." பிறகு கூப்பிடவே இல்லை. சேரும்போது நியமன ஆணை தரவில்லை, அதனால் நீக்கும்போதும் ஆணை தேவைப்படவில்லை.

பதினாலாயிரம் பெரிய பணம் இல்லை. ஆனால் அந்த வேலைக்கு ஒரு பேருந்து நேரம் இருந்தது. காலை 7.40 பேருந்தை நான் பிடிக்க வேண்டும் என்பதற்காக வீடு எனக்குச் சில வேலைகளை விட்டுக்கொடுத்திருந்தது. மாமனார் தன் காபியைத் தானே போட்டுக்கொள்வார். கணவர் துணி காயப்போடுவார். மகள் தன் தலையைத் தானே பின்னிக்கொள்வாள். வேலை போன பதினைந்தே நாளில் இவை எல்லாம் ஒவ்வொன்றாக என்னிடம் திரும்பி வந்தன. யாரும் கட்டளையிடவில்லை, சண்டையும் நடக்கவில்லை. நான் வீட்டில் இருந்தேன், அவ்வளவுதான். 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு, வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள், செய்யும் ஆண்கள் 97 நிமிடம் என்கிறது. என் பேருந்து நின்றபோது அந்த 299க்குள் நானும் முழுதாகப் போய்ச் சேர்ந்தேன். அதைத்தான் ஊர் 'சும்மா' என்றது.

எங்கள் ஊர் தாராசுரம். வெளியூர்க்காரர்களுக்கு இது ஐராவதேசுவரர் கோயில். இரண்டாம் இராசராசன் கட்டியது, 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு இது தறிச் சத்தம். சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பட்டு நெய்யும் தெருக்கள். அந்த ஆண்டு அந்தச் சத்தமும் நின்றது. கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான் வரலாம் என்ற நிலையில் முகூர்த்தப் பட்டை யார் வாங்குவார்கள்? நெய்த சேலைகள் அலமாரியில் தேங்கின, புதுப் பாவு வரவில்லை.

என் எதிர்வீட்டு அக்கா முப்பது வருடமாகத் தறி வேலை செய்கிறவர். தறிக்குழியில் உட்காருபவர் அவர் கணவர். அக்கா செய்வது, தார் சுற்றுவது, ஜரிகை பிரிப்பது, அறுந்த இழையை முடிவது, புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய பாவின் இழைகளோடு ஒவ்வொன்றாகச் சேர்ப்பது. இவ்வளவும் நடந்தால்தான் நாடா ஓடும். கூலி சேலைக்கு இவ்வளவு என்று பேசி, கணவர் கைக்கு வரும். தறி நின்றதும் அவரைப் பார்த்து, "உங்க வேலை போயிடுச்சே" என்று எல்லோரும் வருத்தப்பட்டார்கள். அக்காவின் வேலை போனதாக ஒருவருக்கும் தோன்றவில்லை. இல்லாத வேலை எப்படிப் போகும்?

நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு (2019-20) சொல்லும் எண்ணிக்கை, 35 லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள். அவர்களில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். ஆனால் 'நெசவாளி' என்றதும் நம் மனத்தில் வரும் உருவம் இன்றும் ஆண்தான். 2022-23ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பு இன்னொன்றைச் சொல்கிறது: நாட்டில் உழைக்கும் பெண்களில் 37.5 விழுக்காட்டினர் 'குடும்பத் தொழிலில் உதவியாளர்'. அதாவது, தொழில் நடத்தவும் அவர்கள் வேண்டும், ஆனால் கூலி கிடையாது.

நானும் அக்காவும் சேர்ந்து தொடங்கிய தொழில், சேலைக் குஞ்சம் கட்டுவது. பட்டுச்சேலை தறியிலிருந்து இறங்கும்போது முந்தியின் ஓரத்தில் இழைகள் பிரிந்து தொங்கும். அதை வெறும் முடிச்சாகவும் போடலாம், பட்டுநூல் சேர்த்து, மணி கோத்து, குரோஷா ஊசியால் பின்னி வேலைப்பாடாகவும் செய்யலாம். அக்காவுக்கு விரல் பழக்கம். எனக்குக் கைபேசியில் நானூறு பழைய மாணவிகள். முதல் மாதத்திலேயே கல்யாணச் சேலை ஒன்றும் சாதாரணச் சேலை ஏழும் வந்தன. மூன்றாம் மாதம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியும் சேர்ந்துகொண்டாள்.

விலை வைக்கத்தான் தடுமாற்றம். நூல் 24 ரூபாய். "அம்பது ரூபா வைங்க டீச்சர், பாதிக்குப் பாதி லாபம்" என்றார் அக்கா. அவர் கணக்கில் மூன்று மணி நேர உழைப்பு இல்லை. நான் விடாமல் கேட்டேன். "நம்ம கைதானே டீச்சர், அதுக்கு யாரு காசு கேப்பாங்க?" என்றார். முப்பது வருடம் தார் சுற்றிய கை அது.

அன்று ஒரு நோட்டு வாங்கிக் கட்டம் போட்டேன். நூல், மணி, ஊசி, போக்குவரத்து, கைபேசி. அதற்கெல்லாம் மேலே, முதல் வரியாக, கூலி. எவ்வளவு என்று எழுத ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? அந்த ஆண்டு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்திருந்த நாள்கூலி 256 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 32. மூன்று மணிக்கு 96. நூலோடு 120. இதர செலவுக்குப் பத்து, லாபம் இருபது. ஆக 150. கைத்திறன் உள்ள வேலைக்கு மண்வெட்டி வேலையின் கூலியை வைத்ததே குறைவுதான். அதற்கே அக்கா, "யாரு தருவா?" என்று பயந்தார்.

தந்தார்கள். பேரம் பேசாமல் இல்லை. "வீட்ல உக்காந்துதானே கட்டுறீங்க, கடை வாடகையா?" என்று கேட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். வேலைக்குப் போகும் பெண்கள்கூட அப்படிக் கேட்டார்கள். நோட்டைப் படம் எடுத்து அனுப்ப ஆரம்பித்தேன். கூலி 96 என்ற வரியைப் பார்த்தபின் பாதிப் பேர் பேரத்தை விட்டார்கள். மீதிப் பேர் ஆர்டரை விட்டார்கள். அதிகம் வந்த மாதத்தில் மூவருக்கும் சேர்த்து 11,000 ரூபாய் போல வந்தது. என் பழைய சம்பளத்தைவிடக் குறைவு, அதையும் மூன்றாகப் பிரிக்க வேண்டும். சுயதொழில் என்றால் சுதந்திரம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த வகுத்தலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அரசு உதவி இல்லாமல் இல்லை. 2015இல் வந்த முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாக் கடன் உண்டு. உத்யம் பதிவு 2020 ஜூலையிலிருந்து இணையத்தில் இலவசம். மாணவிகள் இவற்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஆனால் நான் நிரப்பிய படிவங்கள் எல்லாம் முதலீடு எவ்வளவு, விற்றுமுதல் எவ்வளவு என்றுதான் கேட்டன. உன் கூலி எவ்வளவு என்று கேட்கும் கட்டம் எதிலும் இல்லை.

1972இல் அகமதாபாத்தில் இலா பட் சேவா அமைப்பைத் தொழிற்சங்கமாகப் பதிவுசெய்யப் போனபோது, தொழிலாளர் துறை மறுத்தது. முதலாளி யாரென்றே தெரியாதவர்கள் யாரை எதிர்த்துச் சங்கம் வைப்பார்கள் என்பது அவர்கள் கேள்வி. தலைச்சுமை தூக்குகிறவளும் தெருவில் காய்கறி விற்கிறவளும் தொழிலாளிதான் என்று வாதாடித்தான் அந்தப் பதிவு கிடைத்தது. நம் ஊரில் மகளிருக்கு 'தொழில் முனைவோர்' என்ற பட்டம் தாராளமாகக் கிடைக்கிறது. தொழிலாளி என்ற பெயர்தான் கிடைக்கவில்லை. முனைவோருக்கு லாபம் வரலாம், வராமலும் போகலாம். தொழிலாளிக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும்.

தமிழ் படித்தவள் என்பதால் பழைய ஏடுகளுக்கும் போனேன். பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள் வருகிறாள். மோர் விற்றுத் தானியம் வாங்கிச் சுற்றத்துக்குச் சோறு போடுகிறாள். நெய்யை விற்கும்போது பொன் வேண்டாம் என்று மறுத்து, எருமையும் பசுவும் வாங்குகிறாள். தன் உழைப்புக்கு எது விலை என்று தானே முடிவுசெய்கிற பெண். அவளை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்தியிருக்கிறேன். நற்றிணையின் 353ஆம் பாட்டிலோ ஆண்துணையற்ற பெண்கள் நூற்ற மெல்லிய நூல் வருகிறது. மலைமேல் படியும் மேகத்துக்கு அது உவமை. நூலின் நயம் பாட்டுக்குள் வந்துவிட்டது, நூற்றவளுக்கு என்ன கிடைத்தது என்பது வரவில்லை.

எங்கள் ஊர்க் கோயிலின் சுவரில் நாயன்மார் வாழ்க்கை சிறு சிறு சிற்பங்களாக இருக்கிறது. அந்த அறுபத்து மூவரில் ஒருவர் திருவொற்றியூர்க் கலியர், எண்ணெய்ச் செக்குத் தொழில் செய்தவர். செல்வம் கரைந்தபின் கூலிக்கு எண்ணெய் விற்றார். பிறகு கூலிக்குச் செக்காட்டினார். அந்த வேலையும் கிடைக்காமல் போனதும், கோயில் விளக்கை ஏற்ற மனைவியை விற்கப் போனார், வாங்குவார் இல்லை என்கிறது பெரியபுராணம். வேலை போன வீட்டின் கதையாக இதைப் படித்தால் வேறொன்று தெரியும். செக்காட்டும் குடும்பத்தில் எள்ளைக் காயவைத்தவள், புடைத்தவள் யார்? முதல் போய், கூலி போய், எல்லாம் போன பிறகு விற்கலாம் என்று நினைவுக்கு வருகிறவளாக அவள் இருக்கிறாள். தெருவில் விலைக்கு நின்ற அந்த நேரத்தில் அவள் என்ன நினைத்தாள்?

2021 தை மாதம் ஒரு ஜவுளிக்கடையிலிருந்து மொத்த ஆர்டர் வந்தது. இருநூறு சேலை, குஞ்சம் ஒன்றுக்கு 70 ரூபாய், நூல் நம்முடையது. நோட்டைத் திறந்தேன். நூல் போக 46. மணிக்குப் பதினைந்து ரூபாய்தான். வேண்டாம் என்றேன்.

அக்கா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் வந்தார். "நீங்க வேணாம்னு சொல்லிடலாம் டீச்சர். உங்க வீட்ல சாரு சம்பளம் வருது. எனக்கு வெள்ளிக்கிழமை ஆனா குழுக் கடன் கட்டணும்."

அவர் சொன்னது சரி. என் கூலி வரியை நான் உறுதியாகப் பிடித்துக்கொள்ள முடிந்ததற்கு என் வீட்டில் வந்த இன்னொரு சம்பளமும் காரணம். நியாயக் கூலி கேட்கும் துணிவு வங்கிக் கணக்கைப் பொறுத்தும் அமைகிறது. கணக்கு எழுதினால் மட்டும் கூலி உயர்ந்துவிடாது. ஆர்டரை அக்காவும் பக்கத்துத் தெருப் பெண்ணும் எடுத்தார்கள். ஆனால் கடைக்குப் போகும்போது அக்கா நோட்டைக் கொண்டுபோனார். மூன்று மணி நேரம் என்ற வரியைக் காட்டிப் பேசியிருக்கிறார். இருபது ரூபாய் ஏற்றித் தந்தார்கள். தொண்ணூறும் நியாயமான விலை அல்ல. மணிக்கு 22தான் ஆகிறது. ஆனால் தன் உழைப்புக்கு ஒரு விலையைத் தன் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை என்றார்.

இப்போது மறுபடியும் ஒரு கல்லூரியில் கற்பிக்கிறேன், பருவத்துக்குப் பருவம் புதுப்பிக்கும் வேலை. குஞ்சம் தொழிலை அக்கா நடத்துகிறார். மாணவிகள் சிலர் படித்துக்கொண்டே மருதாணி, கேக், பொடி வகைகள் என்று ஏதேனும் விற்கிறார்கள். எப்படித் தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதலீட்டை எழுதும் முன் உன் கூலியை எழுது. அந்த வரிக்குப் பணம் வராத மாதத்திலும் வரியை அடிக்காதே. 'பாக்கி' என்று எழுது. யாருக்கு யார் பாக்கி என்பது அப்போதுதான் தெரியும்.

தெருவில் தறிகள் மறுபடி ஓடுகின்றன. அக்கா இப்போதும் தார் சுற்றுகிறார். போன மாதம் அவர் நோட்டைப் புரட்டியபோது, குஞ்சம் கணக்குக்குப் பின்னால் தனியாக ஒரு பக்கம் இருந்தது. தார், இரண்டு மணி. பாவு, நாலு மணி. தேதி போட்டு வரிசையாக எழுதியிருந்தார். எதிரே ரூபாய்க் கட்டம் காலி.

"அண்ணன் பார்த்தாரா அக்கா?" என்றேன்.

"பார்த்தாரு. இது என்னன்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"தொகை நீங்களே போடுங்கன்னு சொல்லிருக்கேன்."