பேனாப்பலகை தெரிதல்

சித்திரம் வரைதற்குக் காகிதமும் பென்சிலும் போதாவா என்று வினவும் அன்பர்கள் நம் பழைய மாணவருள் இன்றும் பலர் உளர். போதும் என்பதே என் துணிபுமாம். ஆயினும் சித்திரத்தைத் தொழிலாகக் கொண்டு வாழ விரும்பும் இளைஞர்க்கு இக்காலத்தில் அவை போதா. சுவரொட்டியும் நூலட்டையும் கணினியிலேயே உருவாகி அச்சகம் செல்கின்றன. ஆதலின், கையின் அசைவைக் கணினிக்கு உணர்த்தும் பேனாப்பலகை அன்னோர்க்குத் தச்சனுக்கு உளிபோல இன்றியமையாததாயிற்று.

என் மகளின் மகள் அவ்வாறு வாழத் துணிந்தவள். உயர்தர வகுப்பை முடித்தபின் அழைப்பிதழும் விளம்பரமும் வரைந்து சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அவள் கையில் இருந்தது. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டு நாணயம் மதிப்பிழந்த பின், இறக்குமதிப் பொருளொன்றை வாங்கி, அது பொருந்தாதாயின் மற்றொன்று வாங்குவோம் என்றிருத்தல் நம்மனோர்க்கு இயலாத காரியம். முப்பதாண்டு படவரைஞனாகப் பணியாற்றியவன் என்பது பற்றி, தெரிவு செய்யும் பொறுப்பை அவள் என்னிடம் ஒப்புவித்தாள்.

இக்கருவி நேற்றுத் தோன்றியதன்று. 1964ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தார் ஏறத்தாழப் பத்தங்குலச் சதுரமான பலகையொன்றை அமைத்தனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளை அது வேறுபடுத்தி அறிந்தது. இன்றைய பலகைகளிற் பலவற்றின் பேனாவுக்குள் மின்கலம் இல்லை. பலகையின் அடியிற் பரந்துள்ள கம்பிச் சுருள்கள் காந்தப் புலத்தை எழுப்ப, பேனாவிலுள்ள சுருள் அதிலிருந்தே சத்தியைப் பெற்று, தான் நிற்கும் இடத்தையும் கை கொடுக்கும் அழுத்தத்தையும் திருப்பி அறிவிக்கின்றது. 1983ஆம் ஆண்டில் யப்பானில் தொடங்கிய வக்கொம் நிறுவனம் இம்முறையாற் பேர்பெற்றது. இப்பொழுது ஹுயொன், எக்ஸ்பி-பென் முதலியனவும் மின்கலமற்ற பேனாக்களை விற்கின்றன.

நிற்க. முதலில் எழுந்த வினா, திரையோடு கூடிய பலகையா, திரையற்றதா என்பது. திரையுள்ளதில் வரைந்த இடத்திலேயே கோடு தோன்றும், விலையோ பன்மடங்கு. அதற்கு மின்சாரமும் மிகுதியாக வேண்டும். 2022இன் மின்வெட்டுக் காலத்தில் மடிக்கணினியின் மின்கலத்தை நம்பி அவள் இரவு வேலை செய்ததை யான் அறிவேன். திரையற்ற பலகையில் கை ஓரிடத்தும் கண் வேறிடத்தும் இருத்தல் வேண்டுமே என அவள் அஞ்சினாள். நம் முன்னோர் ஓலையில் எழுத்தாணியாற் கீறிய எழுத்து, கரி தடவிய பின்னரே தெளிவாகப் புலப்பட்டது. கண்ணை முழுதும் நம்பாமலே கை எழுதப் பழகும் என்றேன். சில கிழமைகளிற் பழகியும் விட்டாள்.

இனி அழுத்தப் படிகள். 4096, 8192, 16384 என விளம்பரங்கள் ஒன்றையொன்று முந்துகின்றன. “அம்மப்பா, எண் கூடினது நல்லதுதானே?” என்றாள். நாலாயிரம் படிகளையே மனிதக் கை வேறுபடுத்தி அறியாது. பேனா மிக மெல்லத் தொட்டவுடன் கோடு தொடங்குகின்றதா என்பதே பார்க்கவேண்டியது. அழுத்தினாலன்றி உணராத பேனா, எண் எவ்வளவாயினும், மயிரிழைக் கோட்டுக்கு உதவாது.

அளவைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். பலகை முழுவதும் திரை முழுவதுக்கும் ஈடாகின்றது. 2018இல் வெளிவந்த வக்கொம் இன்ருவோஸ் சிறு பலகையின் வரையுமிடம் 152 மில்லிமீற்றர் அகலமும் 95 மில்லிமீற்றர் உயரமும் உடையது. நடுத்தரமானது 216க்கு 135. பதினான்கு அங்குல மடிக்கணினியின் திரை ஏறத்தாழ 31 சென்ரிமீற்றர் அகலம். ஆகவே சிறு பலகையிற் கை ஒரு மில்லிமீற்றர் அசைந்தால் திரையில் இரண்டு அசையும். இருபத்துநாலு அங்குலத் திரையாயின் மூன்றரை அசையும். கையின் சிறு நடுக்கமும் அவ்வளவு பெருகும். நடுத்தரப் பலகையில் அது இரண்டரையாகக் குறையும். மணிக்கட்டை ஊன்றி விரலாற் சிறு படம் வரைவோர்க்குச் சிறு பலகை சாலும். என் பேர்த்தியோ முழங்கையிலிருந்து வீசி வரைபவள்; பெரிய திரை வாங்கும் எண்ணமும் உடையவள். ஆதலின் நடுத்தரம் என முடிவு செய்தோம். இவற்றின் நீள அகல விகிதம் திரையின் விகிதத்தோடு ஒவ்வாமையால், வட்டம் வரைந்தால் முட்டை வடிவு தோன்றும் என்பதையும் ஈண்டுக் கூறவேண்டும். அமைப்பில் விகிதத்தைச் சமன் செய்துவிட்டால், பலகையின் ஓரத்தில் ஒரு கீற்று வீணாவதன்றி வேறு கேடில்லை.

கடைக்கு யான் அடிமட்டமொன்றைக் கொண்டு சென்றேன். அதனைப் பலகையிற் சாய்வாக வைத்து, நத்தை ஊர்வதுபோல மெல்லக் கோடிழுத்தேன். ஒரு பலகையில் அக்கோடு அலைபோல நெளிந்தது. “கெதியாக இழுத்தால் தெரியாது, ஐயா” என்றார் கடைக்காரர். உண்மையே. ஆனால் ழகரத்தின் சுழியையும் இகரத்தின் வளைவையும் அழகுற அமைப்போர் விரைந்து இழுப்பாரோ? கிறிற்றா என்னும் இலவசச் செயலியில் நடுக்கத்தைத் தணிக்கும் வசதி உண்டு. என் போன்ற முதியோர் கைக்கு அது நல்ல மருந்து. பலகையின் குறைக்கும் அதனையே மருந்தாக்கினால், கோடு கைக்குப் பின்னே இழுபட்டு வரும்.

மூன்றாவதாகப் பார்த்த பலகையிற் கோடு நேராக நின்றது. சுருக்கு விசைகள் அதில் மிகக் குறைவு. விலையும் அதனாற் குறைந்தது. மிஞ்சிய பணத்துக்குப் பேனாவின் மாற்று நுனிகள் வாங்கினாள். காகிதம்போற் சொரசொரப்பான பலகை நுனியை விரைவில் தேய்க்கும். தேய்ந்து உளிபோற் கூரான நுனி பலகையையே கீறிவிடும். பத்து நுனிகள் கொண்ட பொதியில் இதுவரை மூன்று முடிந்துள்ளன.