திறந்த வீடும் செல்லாத சாவியும்

ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். உள்ளேயிருந்து பதிலே வராமல் போகலாம். "இப்போது யாரையும் பார்ப்பதற்கில்லை" என்று குரல் வரலாம். கதவைத் திறந்து நம் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன்னை உள்ளே விடமுடியாது" என்றும் சொல்லலாம். மூன்றிலும் நாம் நிற்பது தெருவில்தான். ஆனால் மூன்றும் ஒன்றல்ல. கதையை அனுப்பிவிட்டுத் தபாலுக்குக் காத்திருந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் சொல்லாமலே புரியும். ஆனாலும் இதை எனக்கு ஒழுங்காக விளக்கிச் சொன்னவன் என் அக்கா மகன்தான்.

அக்கா வீடு பாளையம்பட்டியில். அருப்புக்கோட்டையை அடுத்த ஊர். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கண்மாய் நிறையும். பெய்யாவிட்டால் பிழைப்பைத் தேடி வெளியூர் போகவேண்டும். அந்தச் சீமையில் தலைமுறை தலைமுறையாக இதுதான் வழக்கம். அக்கா மகனும் படிப்பு முடிந்ததும் சென்னைக்குப் போனான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பெட்டியோடு ஊர் திரும்பியவன், அப்படியே தங்கிவிட்டான். அவன் கவனிக்கும் யூனிக்ஸ் யந்திரங்கள் எங்கேயோ இருக்கின்றன. இவன் திண்ணையை ஒட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு அவற்றுக்குள் நுழைந்து வேலை பார்க்கிறான். அக்காவுக்கு இதைவிடப் பெரிய வரம் வேறில்லை.

ஆனால் நுழைய முடியாமல் போனால்?

அப்படி ஒரு நாள் வந்தது. நான் அங்கே போயிருந்த சமயம். காலையிலிருந்து யந்திரம் இவனை உள்ளே விடவில்லை. "நாளைக்குள் சரியாகாவிட்டால் நேரில் வந்துவிடு" என்று ஆபீசிலிருந்து சொல்லிவிட்டார்கள். ஒரு தடவை போனால் திரும்ப விடமாட்டார்கள் என்று அக்காவுக்குப் பயம். அன்று அடுப்படியில் பாத்திரங்கள் சற்று அதிகமாகவே சத்தம் போட்டன.

அவன் மட்டும் பதறவில்லை.

"மாமா, ரொம்ப நேரம் பதிலே வராம 'டைம்டு அவுட்'னு முடிஞ்சா, பெரும்பாலும் வழியில கோளாறு. நெட் அறுந்திருக்கும், இல்லே, நடுவில ஃபயர்வால் மறிச்சிருக்கும். உடனே 'ரெஃப்யூஸ்ட்'னு வந்தா, யந்திரம் உயிரோடதான் இருக்கு, 22-ம் நம்பர் வாசல்ல காவல்காரன் இல்லைன்னு அர்த்தம். இப்ப வந்திருக்கிறது 'பெர்மிஷன் டினைட்'. வழியும் சரி, காவல்காரனும் இருக்கான். அவன் என்னைத்தான் ஏத்துக்கலே."

இந்தத் தொல்லை புதிதல்ல. 1969 அக்டோபர் 29-ம் தேதி இரவு, கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்திலிருந்து சார்லி க்ளைன் என்ற மாணவர், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்து யந்திரத்துக்குள் நுழைய முயன்றார். 'லாகின்' என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துக்கள் போய்ச் சேர்ந்தன; உடனே அந்த யந்திரம் படுத்துவிட்டது! சுமார் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காரியம் பலித்தது. யூனிக்ஸ் பிறந்ததும் அதே 1969-ல்தான். பிறகு டெல்நெட், ஆர்லாகின் என்ற வழிகள் வந்தன. அவற்றில் ரகசியச் சொல் மூடாத தபால் கார்டைப் போலப் போயிற்று. நடுவில் யாரும் படிக்கலாம். பின்லாந்தில் ஒரு பல்கலைக் கழகத்தில் அப்படித் திருட்டுப் போனபிறகு, 1995-ல் டாட்டு யுலோனென் என்பவர் எஸ்.எஸ்.எச். என்ற பத்திரமான வழியை அமைத்தார். என் மருமகன் நுழைவது அந்த வழியில்தான். அவனுடைய சாவி இங்கே அவன் கம்ப்யூட்டரில். அதற்குப் பொருந்தும் பூட்டு அங்கே, யந்திரத்துக்குள்.

சாவியை அவன் சோதித்துப் பார்த்தான். பழுதில்லை. காவல்காரன் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் தள்ளியிருக்கிறான். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. வெளியே நிற்கும் அந்நியனிடம் காரணத்தைச் சொன்னால் திருடனுக்குத் துப்புக் கொடுத்ததாகுமல்லவா? ஆனால் உள்ளே தன் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வான். மருமகன் ஆபீஸ் நண்பனைப் போனில் பிடித்து, அந்தக் குறிப்பேட்டைப் படிக்கச் சொன்னான்.

விஷயம் வெளிவந்தது. யூனிக்ஸில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. அதற்குப் பெயரே 'ஹோம்', வீடு. பூட்டு இருப்பதும் அந்த வீட்டில்தான். முதல் நாள் மாலை யாரோ, ஃபைல் வைக்கச் சௌகரியமாக இருக்கட்டும் என்று, இவன் வீட்டை எல்லோரும் புழங்கும்படி 777 என்று திறந்துவிட்டிருக்கிறார். யார் வேண்டுமானாலும் புகுந்து பூட்டை மாற்றி வைக்கலாம் என்றால் அந்தப் பூட்டை எப்படி நம்புவது? ஆகவே காவல்காரன் சொந்தக்காரனையே நிறுத்திவிட்டான். நண்பன் அதை 755 என்று மாற்றினான். மற்றவர்கள் எட்டிப் பார்க்கலாம்; மாற்றி வைக்கும் உரிமை சொந்தக்காரனுக்கு மட்டும். அடுத்த நிமிஷம் சாவி சென்றது.

கதவு மூடியிருந்தால், உள்ளே இருப்பவர் நம்மை வெறுக்கிறார் என்றே முதலில் நினைக்கிறோம். வழி அடைத்திருக்கிறதா, ஆள் இல்லையா, நம்மைத்தான் மறுக்கிறார்களா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. மறுப்புக்கும் காரணம் உள்ளே எங்கோ எழுதியிருக்கும். அதைப் படித்துச் சொல்ல உள்ளே ஒருவராவது நமக்கு வேண்டும்.

அக்காவுக்கு மட்டும் இந்த நியாயம் பிடிக்கவில்லை. அவள் வீட்டு வாசற்கதவு விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை திறந்தே கிடக்கும். "நாலு பேர் வந்து போற வீட்டுல சொந்தக்காரன் சாவி செல்லாதாமே!" என்றாள். சொல்லிக்கொண்டே மகனுக்கு இன்னொரு தோசை போட்டாள்.