அப்பாவின் முகம்

1997இல், கொழும்பில் நான் பணிபுரிந்த பத்திரிகையின் பக்கங்கள் பேஜ்மேக்கரிலேயே தயாராகின. ஆல்டஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்டு, 1994இல் அடோபி வசமான மென்பொருள் அது. கத்தரிக்கோலும் பசையும் ஓய்வுபெற்றிருந்தன. பக்கத்தில் இட்ட படத்தை மூலையில் பிடித்து இழுத்தால் பெருக்கும், சிறுக்கும். அப்போது ஷிப்ட் விசையையும் அழுத்தியிருக்கவேண்டும். தவறினால் அகலம் ஒருபுறமும் உயரம் ஒருபுறமுமாகப் போய்விடும்.

ஓரிரவு மரண அறிவித்தலொன்று தாமதமாக வந்தது. பக்க வடிவமைப்பாளர் வீடு சென்றுவிட்டார். நானே அமர்ந்தேன். பெட்டியின் அகலத்துக்குப் படம் போதவில்லை. அளவு குலையாமல் பெருப்பித்து, மிஞ்சியதை வெட்டும் கருவியால் மறைத்திருக்கலாம். வெட்டினாலும் மூலப்படம் அழியாது. நானோ பக்கவாட்டில் இழுத்து நிரப்பினேன். உறுத்தவேயில்லை. இரவு பதினொரு மணிக்கு எதுதான் உறுத்தும்?

மறுநாள் இறந்தவரின் மகள் பத்திரிகையோடு வந்தார். கோபப்படவில்லை.

"ஐயா, இது எங்கட அப்பா இல்லை."

மெலிந்த அம்முகத்தை நான் கன்னம் உப்ப வைத்திருந்தேன். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது வீட்டு அல்பம் தவறிவிட்டதாம். அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்த இவ்வொரு படமே எஞ்சியிருந்தது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்பவென்று பத்திரிகையில் ஐந்து பிரதிகள் வாங்கியிருந்தார்.

அவரை அருகில் அமர்த்திப் பக்கத்தைத் திறந்தேன். ஷிப்ட் விசையை அழுத்தியபடி மூலையைச் சற்று அசைத்தேன். முகம் மெலிந்து வந்தது. அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுத்த நாள் கட்டணமின்றி மீண்டும் பிரசுரித்தோம்.