யார் எழுதிய விதி?

விதி என்னும் சொல்லுக்கு நம் நாட்டிலே இரண்டு இருப்பிடங்கள். ஒன்று மனிதனின் தலை. மற்றொன்று அரசாங்க அலுவலகத்து அலமாரி. தலையிலே எழுதப்பட்டிருப்பதாகச் சொல்லப்படும் விதியை இதுவரை படித்தவர் எவருமில்லை. ஆயினும் அதை அறியாதவர் இல்லை! அலமாரியிலே உள்ள விதியோ தாளிலே அச்சிடப்பட்டது, எண்ணிடப்பட்டது, எழுத்தறிந்த எவரும் படிக்கக் கூடியது. ஆயினும் அதை அறிந்தவர் மிகச் சிலர். ஆலையிலே ஒரு பாட்டாளி மாண்டு போகும்போது, பழி முழுவதும் முதல் விதியின்மேல் விழுகிறது. இரண்டாவது விதி, யாரும் எழுப்பாததால், தூசு படிந்து தூங்குகிறது.

2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5. சிவகாசியை அடுத்த முதலிப்பட்டி. பட்டாசு ஆலை வெடித்துச் சிதறியதில் ஏறத்தாழ 40 உயிர்கள் கருகின. 2021 பிப்ரவரி 12, சாத்தூரை அடுத்த அச்சங்குளம், இருபதுக்கு மேற்பட்டோர். 2023 அக்டோபர் 17, ஒரே நாளில் ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் சேர்த்து 14 பேர். 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி, 9 பேர். இவை பெரியவை, ஏட்டிலே முதற்பக்கம் பிடித்தவை. ஒருவர் இருவராய் மாண்டவர்கள் உள்பக்கத்து மூலையோடு சரி. ஊர் மாறுகிறது, ஆண்டு மாறுகிறது. மறுநாள் வரும் செய்தி மட்டும் மாறுவதில்லை. ஆழ்ந்த இரங்கல், குடும்பத்துக்கு இத்தனை இலட்சம், போர்மேன் கைது, உரிமம் இடைநிறுத்தம். சாவுக்குப் பின்னே தருவதற்குப் பணம் இருக்கிறது. சாவுக்கு முன்னே தடுப்பதற்குத்தான் கருவூலத்திலே கதவு திறப்பதில்லை!

அத்தகைய ஊர்களுள் ஒன்றுக்கு நாம் துக்கம் கேட்கச் சென்றிருந்தோம். தகரக் கூரை வேய்ந்த சிறு வீடு. வாசலிலே பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. மாண்டவள் அந்த வீட்டு மகள். பள்ளிச் சீருடையோடு ஒரு சிறுவன் திண்ணையோரத்திலே உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அவன் பள்ளிக்குப் போகவுமில்லை, சீருடையைக் கழற்றவுமில்லை. கிழவி எங்களைப் பார்த்து, "அவ தலையில எழுதினது அம்புட்டுத்தான், தம்பி. எழுதினத அழிக்க முடியுமா?" என்றார்.

தலையெழுத்தைப் பற்றி மேடைதோறும் பேசிப் பழகியவர்கள்தாம் நாம். அந்தத் திண்ணையிலே பேசவில்லை. மகளை இழந்த தாயிடம் வாதாடி வெல்வது வீரமுமன்று, பகுத்தறிவுமன்று. தேநீர் தந்தார்கள், குடித்தோம். கிளம்பும் நேரத்திலே கிழவி, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்: "நேத்துக் கலந்த மருந்து மிச்சம் கிடக்கு, நாளைக்கு அதைத்தான் போடச் சொல்றாங்கன்னு முந்தின ராத்திரி சொன்னா. ஒரு ரூம்புல ஒம்பது பேரு உக்காந்திருக்கோம்னு சொன்னா."

தோழர்களே! விதியையும் அவரே சொன்னார். விதிமீறலையும் அவரே சொன்னார். அந்தத் தாய்க்கு உண்மை தெரியாமல் இல்லை. உண்மையைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு ஓர் இடம் இருக்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவே.

பட்டாசு மருந்து மாயப் பொருளன்று. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் பிறவும் சேர்ந்த கலவை அது. உராய்வு, அடி, தீப்பொறி, உடலிலே தேங்கும் நிலைமின்சாரம் ஆகிய இவற்றுள் ஒன்று போதும், அது பற்றிக்கொள்ள. கலந்து வைத்த மருந்து ஈரம் பட்டாலோ, இரவெல்லாம் கிடந்தாலோ தானே சூடேறவும் கூடும். இவையெல்லாம் வேதியியல் கூறுவன, சோதிடம் கூறுவனவல்ல. ஆகவேதான் விதிகள் எழுதப்பட்டன. ஓர் அறையிலே 4 பேருக்கு மேல் கூடாது, மருந்து கலக்கும் அறையிலே அதினும் குறைவு. குறித்த அளவுக்கு மேல் மருந்து கூடாது. மிச்சம் வைத்தல் கூடாது. பொறி எழுப்பும் இரும்புக் கருவி கூடாது. தரையிலே ரப்பர் விரிப்பு, உடலிலே பருத்தி ஆடை. அறைக்கும் அறைக்கும் இடையே இத்தனை தொலைவு.

ஏன் நால்வர்? ஏன் அந்தத் தொலைவு? அறை ஒன்று வெடித்தேவிட்டாலும் நெருப்பு அந்த அறையோடு நிற்க வேண்டும் என்பதற்காக. கொடுமையான கணக்குத்தான், ஆயினும் நேர்மையான கணக்கு. நால்வர் இருக்க வேண்டிய இடத்திலே ஒன்பதின்மர் உட்கார்த்தப்பட்டால், மிகுதியான ஐவரின் தலையிலே எழுதியவன் எந்தப் பிரமன்? உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளோ குத்தகைக்கும், அதன்மேல் உள்குத்தகைக்கும் விடப்பட்டிருக்கும். குத்தகைக்காரருக்குத் தீபாவளிச் சரக்கு குறித்த நாளில் வெளியேற வேண்டும். பெண்களுக்குக் கூலி உருப்படிக் கணக்கில். அறை போதாதபோது மரத்தடியும் அறையாகிறது. சித்திரை வெயிலும் ஐப்பசி அவசரமும் இந்தக் கலவையிலே சேர்ந்துகொள்ளும் கூடுதல் மருந்துகள்.

பட்டாசை விட்டு இரும்புக்கு வருவோம். கோவைப் பக்கத்திலே தோழர் ஒருவர் வேலை பார்க்கும் சிறு பட்டறைக்கு ஆயுத பூசை நாளிலே போயிருந்தோம். தகடு வெட்டும் பிரஸ் இயந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, மாலை, பொட்டு, குறைவேதும் இல்லை. வாசலிலே உடைத்த பூசணிக்காயின் சிவப்பு இன்னும் காயவில்லை. குறை ஒன்றே ஒன்று: இயந்திரத்தின் வாயிலே இருக்க வேண்டிய கம்பிக் காப்பு மூலையிலே கிடந்தது. அதற்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள்! ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டோம். "காப்பு மாட்டினா மணிக்கு நூறு உருப்படி குறையும், தோழர். கூலி உருப்படிக்குத்தானே" என்றார் இரு விரல் இழந்த தொழிலாளி, சிரித்துக்கொண்டே.

'தொழிலாளியின் அலட்சியம்' என்று விசாரணை அறிக்கைகள் எழுதும் சொற்றொடருக்குப் பின்னே இருப்பது இந்தக் கூலிக் கணக்கு. சுவரிலே 'கவனமாக வேலை செய்' என்று பலகை மாட்டியிருந்தது. பலகை கையைத் தடுக்காது. இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தினாலன்றி இறங்காத இயந்திரம் தடுக்கும். ஏனெனில் கத்தி இறங்கும்போது இரு கைகளும் வெளியே இருந்தாக வேண்டும். மனிதன் களைப்பான், கனவு காண்பான், வீட்டுக் கவலையிலே ஆழ்வான். அவன் எப்போதும் விழித்திருப்பான் என்று நம்பி அமைத்த ஆலை, தவறாக அமைத்த ஆலை. பாதுகாப்பு அறிவியல் சொல்லும் வரிசை இது: ஆபத்தை அடியோடு அகற்ற முடியுமா என்று பார்; இல்லையேல் ஆபத்துக் குறைந்த பொருளை வை; இல்லையேல் தடுப்பு அமை; அதன் பின்னரே எச்சரிக்கையும் பயிற்சியும்; எல்லாவற்றுக்கும் கடைசியிலே தலைக்கவசமும் கையுறையும். நம் நாட்டிலோ வரிசை தலைகீழ். முதலிலே பூசணிக்காய்!

ஆலையரசர்களுக்கும் ஆண்டவன்மேல் பற்று மிகுதி. அது நீதிமன்றத்திலே நன்கு விளங்கும். 'கடவுளின் செயல்' என்பது ஆங்கிலச் சட்டம் நெடுங்காலம் ஏற்ற ஒரு தப்பு வழி. ஆபத்தான பொருளை வைத்திருந்தவனும் அதைக் காட்டித் தப்பிக்கலாம். 1985 டிசம்பர் 4 அன்று தில்லியிலே ஓர் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அந்த வழக்கிலே 1986 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், ஆபத்தான தொழில் நடத்துவோர் விளையும் கேட்டுக்கு முழுப் பொறுப்பு ஏற்றாக வேண்டும், பழைய விதிவிலக்கு எதுவும் செல்லாது என்றது. கடவுளை அந்த வழக்கிலிருந்து விடுவித்துவிட்டார்கள் என்று சொல்லலாம். பக்தர்களே மகிழ வேண்டிய தீர்ப்பு!

அந்தத் தீர்ப்பின் பின்னணியிலே போபால் நின்றது. 1984 டிசம்பர் 2 இரவு நச்சு வாயு நகரின்மேல் பரவியபோது, தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்தழிக்கும் கோபுரத்துக்குச் செல்லும் குழாய் இணைக்கப்படாதிருந்தது. மூன்றாண்டு கழித்து, 1987இல், 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. 2010 ஜூன் 7இல் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டவர்களுக்குக் கிடைத்த தண்டனை இரண்டாண்டு. ஆயிரக்கணக்கான சாவுக்கு இரண்டாண்டு!

அயல்நாட்டிலும் இதே கதைதான். ஆனால் முடிவு வேறு. 1911 மார்ச் 25, நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டை ஆலையிலே தீ. வெளியேறும் கதவொன்று பூட்டியிருந்தது. 146 பேர் மாண்டனர்; பெரும்பாலோர் புலம்பெயர்ந்து வந்த இளம் பெண்கள். உரிமையாளர் இருவரும் வழக்கிலே விடுதலையாயினர். ஆயினும் நகரம் அழுது ஓயவில்லை. விசாரணைக் குழு ஆலை ஆலையாக ஏறி இறங்கியது. சில ஆண்டுகளிலே முப்பதுக்கு மேற்பட்ட சட்டங்கள் பிறந்தன. அந்தத் தீயைத் தெருவிலே நின்று கண்ணால் கண்ட பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் என்ற பெண்மணி, 1933இல் அமெரிக்காவின் தொழிலாளர் அமைச்சரானார். அங்கே தொழிலாளர் மாள்வதில்லை என்று நாம் சொல்லவில்லை. சாவுக்குக் காரணம் தேடியபோது பூட்டிய கதவைத் தேடினார்கள் என்கிறோம்.

இங்கே இன்னொரு பூட்டு உண்டு. அதன் பெயர் சாதி. கழிவுநீர்த் தொட்டியிலும் பாதாளச் சாக்கடையிலும் இறங்கி மூச்சடைத்து மாள்வோர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று நாம் சொல்லவும் வேண்டுமா? அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு மிகும்போது மூக்கின் மோப்ப உணர்வையே முதலிலே கொன்றுவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும் நேரத்திலே உயிர் போகும். விழுந்தவனைத் தூக்க இறங்கும் இரண்டாமவனும், அவனைத் தூக்க இறங்கும் மூன்றாமவனும் மாள்வது அதனாலேதான். 2013ஆம் ஆண்டுச் சட்டம் இப்படி ஆளை இறக்குவதைத் தடை செய்தது. 2014இல் உச்சநீதிமன்றம் ஒவ்வோர் இறப்புக்கும் 10 இலட்சம் என்றது; 2023 அக்டோபரிலே அதை 30 இலட்சமாக்கியது. 2018இல் திருவனந்தபுரத்து இளம் பொறியாளர்கள் மனிதனுக்குப் பதிலாகக் குழிக்குள் இறங்கும் இயந்திரத்தை வேலைக்கு விட்டனர். சட்டம் இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது. ஆனால் இயந்திரத்தின் வாடகையைவிட ஆளின் கூலி மலிவு; அந்த ஆள் மலிவாய் இருப்பதற்கு மனு எழுதிய உரை இன்னும் நடைமுறையில் இருக்கிறது.

இனிப் புதிய சட்டத்துக்கு வருவோம். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. மின்விசை கொண்ட இடத்திலே 10 பேர் வேலை செய்தால் தொழிற்சாலை என்றது பழைய சட்டம். புதியது 20 பேர் என்கிறது. மின்விசை இல்லையேல் 20 பேர் என்றிருந்தது 40 ஆயிற்று. ஆபத்தான வேலைக்கு எண்ணிக்கை பாராமல் அரசு அறிவிக்கை வெளியிடலாமாம். 'லாம்' என்ற ஓரெழுத்து ஈரெழுத்துக்குள்ளே எத்தனை உயிர் ஒளிந்திருக்கிறது! ஆய்வாளர் என்ற பதவிக்கும் 'ஆய்வாளரும் வழி எளிதாக்குநரும்' என்னும் பொருள்படப் புதுப்பெயர் சூட்டியிருக்கிறார்கள். யாருக்கு வழி எளிதாகும் என்பதை வரும் ஆண்டுகள் காட்டும். கடமை தவறிச் சாவு நேர்ந்தால் அபராதம் 5 இலட்சத்துக்குக் குறையாது, அதிலே பாதிக்குக் குறையாமல் குடும்பத்துக்குத் தர நீதிமன்றம் ஆணையிடலாம் என்பது நல்ல சேர்க்கை, மறுக்க மாட்டோம். ஆனால் தண்டனை 'சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும்' என்றிருக்கிறது. 'அல்லது' இருக்கும் இடத்திலே செல்வர் எதைத் தேர்வார் என்பதைக் கணிக்கச் சோதிடம் வேண்டியதில்லை.

இளந்தோழர்களே! ஆபத்து நெருங்குவதாக அஞ்சும் தொழிலாளி, நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் உடனே தெரிவிக்கும் உரிமையை 1987ஆம் ஆண்டுத் திருத்தம் கொடுத்தது; புதிய தொகுப்பிலும் அந்த உரிமை இருக்கிறது. முந்தின இரவு தாயிடம் சொன்ன செய்தியை, அந்த மகள் சட்டப்படி ஆய்வாளரிடமும் சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுநாள் வேலை இருக்குமா என்ற அச்சத்தைப் போக்குவது தனி ஒருத்தியால் ஆகாது. சங்கத்தாலும் ஊராராலும் நம் போன்றோராலும் ஆகும். அதுவரை, பெயர் வெளிப்படாமல் அவர்களுக்காகக் கேட்க நம்மால் முடியும். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனுவிலே 10 ரூபாய் முத்திரை. கேட்க வேண்டியவை: இந்த ஆலையிலே கடைசியாக ஆய்வு நடந்த நாள் எது, எத்தனை அறைகளுக்கு உரிமம், ஓர் அறைக்கு எத்தனை பேர், கண்ட குறைகள் எவை, அவை நீக்கப்பட்டனவா. 30 நாளிலே விடை வர வேண்டும். உயிரைப் பற்றிய செய்தியானால் 48 மணி நேரத்திலே.